பைலட் படிப்புக்குப் பணம் கட்டும் முன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மாதங்களில் என்னைத் தேடி வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கட்டிய பிறகு கேட்கிறார்கள். போன வாரம் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வந்த தகப்பனாரும் அப்படித்தான். கள்ளுக்கு விட்டிருந்த தென்னந்தோப்பைக் கூட்டுறவு பேங்கில் அடமானம் வைத்து மகனை மூன்று வருடம் ‘ஏவியேஷன்’ படிக்க வைத்திருக்கிறார். “படிப்பு முடிஞ்சுதுங்க சார். இனி லைசென்ஸ் எங்க போய் வாங்கறதுன்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும்” என்றார். பையன் வாயே திறக்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு விமானத்தின் பைலட் இருக்கையில் ஒரு நிமிடம்கூட அவன் உட்கார்ந்ததில்லை. பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக் புக் கிடையாது. மருத்துவச் சான்றிதழ் கிடையாது. விமானி உரிமம் தரும் அரசுத் துறையான டிஜிசிஏவின் தேர்வு எழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பர் என்கிற பதிவு எண்கூட எடுக்கவில்லை. கையில் இருப்பது விமான நிலைய நிர்வாகத்தில் ஒரு பட்டம்.

ஃபிளையிங் கிளப்புகளில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு நேவிகேஷனும் வானிலையியலும் சொல்லிக்கொடுக்கிறேன். வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டைகளுமாக ஒரு பையன் சிரிக்கும் போஸ்டர் கண்ணில் படுகிறது. கீழே ‘100% வேலை வாய்ப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் தோப்பும் நிலமும் போகின்றன.

முதலில் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விமானி உரிமத்தைக் கல்லூரி தருவதில்லை. பல்கலைக்கழகம் தருவதில்லை. அகாடமி தருவதில்லை. டிஜிசிஏ என்கிற சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் மட்டுமே தருகிறது. பி.பி.ஏ. ஏவியேஷன் படித்தவர் விமானி அல்ல. பி.எஸ்ஸி. ஏவியேஷன் படித்தவரும் அல்ல. ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர் விமானத்தை வடிவமைப்பவர். விமானப் பராமரிப்புப் படித்தவர் அதைப் பழுது பார்த்துப் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுபவர். கேபின் க்ரூ படிப்பு வேறு. எல்லாம் மதிப்பான வேலைகள், அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதுவும் பைலட் படிப்பு அல்ல. சில கல்லூரிகள் ஒரு ஃபிளையிங் ஸ்கூலோடு ஒப்பந்தம் வைத்திருக்கும். அங்கேயும் பட்டத்துக்கு ஒரு கட்டணம், பறப்பதற்குத் தனிக் கட்டணம். இரண்டாவது கட்டணம் எவ்வளவு என்பதை இரண்டாம் வருடத்தில்தான் சொல்வார்கள். வர்த்தக விமானி உரிமத்துக்குப் பட்டமே தேவையில்லை. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் தேறியிருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடத்தையும் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் மருத்துவத் தகுதி, டிஜிசிஏ தாள்கள், ரேடியோ உரிமம், 200 மணி நேரப் பறத்தல். அந்த 200-ல் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு முழுவதும் மாணவன் தலையில் இருந்திருக்க வேண்டும். இரவுப் பறத்தல் 5 மணி நேரம். 300 கடல் மைல் நீளமுள்ள ஒரு பயணம், நடுவே இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று. இதில் எது மூன்று வருட வகுப்பறையில் கிடைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

“ஏன் சார் இத்தனை கெடுபிடி? தைரியமான பையன், புல்லட்டை எடுத்தா மலம்புழா வரைக்கும் ஒரே மூச்சில போயிருவான்” என்று ஒரு மாமா சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல நூறு வருடத்துக்கு மேல் பின்னே போக வேண்டும்.

தைரியத்தை மட்டும் நம்பிப் பறக்கக் கற்றுக்கொடுத்த காலம் உண்மையிலேயே இருந்தது. 1909-ல் பிரான்ஸின் போ நகரில் வில்பர் ரைட் மாணவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கினார். அதே பிரான்ஸில் விமானி பிளேரியோ தொடங்கிய பள்ளிகளின் பாணி வேறு. விமானத்தில் ஒரே இருக்கை, மாணவன் முதல் நாளிலிருந்தே தனி ஆள். இறக்கையை வெட்டிக் குட்டையாக்கிய விமானத்தில், பென்குயின் என்று அதற்குப் பெயர், தரையில் ஓட்டி ஓட்டிப் பழகுவான். பிறகு கொஞ்சம் பெரிய இறக்கை, சின்னத் தாவல், கடைசியில் வானம். ஆசிரியர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். 1910-ல் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் மான்ட்கோமரியில் ஒரு பள்ளி திறந்தார்கள். 1912-ல் இங்கிலாந்தின் அப்பேவனில் மத்திய விமானப் பயிற்சிப் பள்ளி வந்தது. இரண்டே வருடத்தில் போர் வந்துவிட்டது.

முதல் உலகப் போரில் பிரிட்டன் பையன்களைச் சில மணி நேரம் பழக்கிவிட்டு அனுப்பியது. சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் போர்முனையிலிருந்து களைத்துத் திரும்பியவர்கள். கற்பிக்கும் முறை என்று ஒன்று அவர்களிடம் இல்லை. ஸ்பின், அதாவது விமானம் சுழன்றுகொண்டே கீழே விழுவது, வந்தால் என்ன செய்வது என்று மாணவன் கேட்டால், ஸ்பின்னில் விழாமல் பார்த்துக்கொள் என்பதுதான் பதில். எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பயிற்சித் திடலில் செத்துப்போன பையன்கள் ஏராளம்.

இதை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. போர்முனையில் ஸ்குவாட்ரன் என்கிற விமானப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை வகித்தவர். தன்னிடம் வந்து சேரும் புதுப் பையன்களுக்குப் பறக்கவே தெரியவில்லை என்று கண்டு, மேலிடத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். 1917-ல் காஸ்போர்ட் என்ற ஊரில் அவர் கையில் ஒரு பயிற்சிப் பிரிவைக் கொடுத்தார்கள். ஆவ்ரோ 504 விமானம், இரண்டு பேருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் ஆசிரியரின் வாயிலிருந்து மாணவனின் காதுக்கு ஒரு ரப்பர் குழாய். ஆசிரியர் வேண்டுமென்றே விமானத்தை ஸ்பின்னில் போடுவார், மாணவனை மீட்க வைப்பார். பக்கக் காற்றில் இறக்க வைப்பார். எதற்குப் பயப்படுகிறானோ அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். எங்கள் பக்கம் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஆழத்திலேயே இறக்கிவிடுவார்களே, அதே யோசனைதான். இன்றைக்கு உலகத்தில் எந்த ஃபிளையிங் ஸ்கூலுக்குப் போனாலும், ராணுவமோ சிவிலோ, அடியில் ஓடுவது காஸ்போர்ட் முறை. எங்கள் தொழிலில் ஆசிரியர் என்பவர் பாடம் நடத்துபவர் மட்டும் அல்ல. மாணவன் தவறு செய்ய எவ்வளவு தூரம் விடலாம், எந்த நொடியில் கையை நீட்டலாம் என்று தெரிந்தவர். அதற்கென்றே இந்திய விமானப்படை 1948-ல் அம்பாலாவில் ஒரு பள்ளி தொடங்கி, 1954-ல் அதைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே படிப்பவர்கள் ஏற்கெனவே விமானிகள். பறக்கத் தெரிந்தவருக்குக் கற்பிக்கக் கற்றுத்தர ஒரு தனிப் பள்ளி தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்தது சிமுலேட்டர். “எங்ககிட்ட சிமுலேட்டர் இருக்கு, பாதி மணி நேரத்தை அதுலயே முடிச்சிரலாம்” என்கிறார்கள். கணினித் திரையும் ஒரு ஸ்டியரிங்கும் வைத்த அறையைக் காட்டுகிறார்கள். சிமுலேட்டர் எதற்காக வந்தது என்று தெரிந்திருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. அமெரிக்காவின் பிங்காம்டனில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனின் துருத்திகளையே பயன்படுத்தி 1929-ல் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934-ல் அமெரிக்க ராணுவம் விமானத் தபாலை எடுத்துச் செல்லும் பொறுப்பை ஏற்றது. பனியிலும் மேகத்திலும் வெளியே எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத விமானிகள் அடுத்தடுத்து விழுந்து செத்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் ஆறு லிங்க் டிரெய்னர்களை வாங்கியது. அது வந்தது கருவிப் பறத்தலைப் பழக்குவதற்காக. இன்றும் டிஜிசிஏ ஏற்பது அதில் ஒரு சிறு பகுதியைத்தான், அதுவும் அங்கீகாரம் பெற்ற கருவியில் செய்தால்தான். உங்கள் பிள்ளை மால் விளையாட்டு மையத்தில் ஓட்டியது கணக்கில் வராது.

மணி நேரத்தைப் பற்றி இன்னொரு விஷயம். 2011-ல் கோவாவில் ஒரு விமானம், முதலில் தரையைத் தொட வேண்டிய பின் சக்கரங்களுக்குப் பதில் முன் சக்கரத்தில் இறக்கப்பட்டது. அதைத் துருவியபோது அந்த விமானியின் மதிப்பெண் பட்டியலே போலி என்று தெரியவந்தது. நாடு முழுக்கச் சோதனை நடந்தது, கைதுகள் நடந்தன. பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாக எழுதிக்கொடுத்த விவகாரமும் அந்த வருடம்தான் வெளியே வந்தது. என்னிடம் லாக் புக்கைக் கொண்டுவந்து காட்டும் பிள்ளைகள் உண்டு. ஆடி மாதக் காற்றிலும் மழையிலும் தினமும் மூன்று மணி நேரம் தனியாகப் பறந்ததாக ஒரே பேனாவில் வரிசையாக எழுதியிருந்தால், நான் புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்துவிடுவேன். சின்னப் பயிற்சி விமானமான செஸ்னா 152 பக்கக் காற்றில் இறங்கிச் சோதித்துக் காட்டப்பட்ட அளவு 12 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர், செஸ்னா 172-க்கு 15 நாட். பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் மேல்காற்றைத் தெரிந்த நமக்கு அந்த எண் எவ்வளவு சின்னது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோவை ஓடுபாதையின் ஒரு முனையில் 23 என்று எழுதியிருப்பார்கள். தென்மேற்கே 230 டிகிரியைப் பார்த்திருக்கிறது என்று பொருள். கணவாய்க் காற்று ஏறக்குறைய எதிரே வருவதால்தான் அங்கே இறங்குவது இந்த அளவுக்காவது சுலபம். வேறு திசையில் ஓடுபாதை உள்ள தளத்தில் மாணவனைத் தனியே அனுப்ப வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், மழைக்காலத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

சரி, பணம். “அந்தக் காலத்துல இப்படி லட்ச லட்சமா கட்டினாங்களா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1928-ல் டெல்லியிலும் பம்பாயிலும் ஃபிளையிங் கிளப்புகள் தொடங்கின, பிறகு சென்னையிலும் வந்தது. அரசு மானியம் கொடுத்தது. பம்பாய் கிளப்பில் பழகிய ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1936-ல் லாகூர் கிளப்பில் ஜிப்ஸி மாத் விமானத்தில் சேலையோடு ஏறித் தனியே பறந்த சரளா துக்ராலுக்கு வயது 21. நம் கேரளத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக் கோதவர்ம ராஜா முன்கை எடுத்ததால் திருவனந்தபுரத்துக்கு விமானத் தளம் கிடைத்து, 1935-ல் டாட்டாவின் தபால் விமானம் அங்கே இறங்கியது. பின்னாளில் கேரள ஃபிளையிங் கிளப் வரவும் அவர்தான் காரணம்.

அரசுகள் மானியம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. போர் வந்தால் விமானிகள் வேண்டும், சிவில் கிளப் என்பது அதற்கான நாற்றங்கால். விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடை விதிக்கப்பட்ட ஜெர்மனி, கிளைடர் கிளப்புகளில் பையன்களைப் பழக்கியது, ரஷ்யாவின் லிபெட்ஸ்கில் 1933 வரை ரகசியப் பள்ளியும் நடத்தியது. அமெரிக்கா 1939-லிருந்து கல்லூரி மாணவர்களுக்கு அரசுச் செலவில் பறக்கக் கற்றுக்கொடுத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் தேறினார்கள். கனடாவில் காமன்வெல்த் நாடுகள் 1939 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு 1,31,000-க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்களை உருவாக்கின. போர்க்காலத்தில் ஹைதராபாத்தின் பேகம்பேட்டும் பயிற்சித் தளமாக இருந்தது. அந்தத் தேவை போனது, மானியமும் மெல்லப் போனது. இன்று எரிபொருள், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் மாணவன் தலையில். ஐம்பது லட்சத்தைச் சுற்றி ஆகும். அதற்கு மேல், வேலைக்குச் சேர ஒரு குறிப்பிட்ட ஜெட் விமானத்துக்கான டைப் ரேட்டிங் என்கிற தனித் தகுதிக்கு இன்னொரு பெரிய தொகை. இதை முதல் நாளே சொல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இலவசமாகப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் வழி இன்றும் ஒன்று உண்டு, அது விமானப்படை. 1930-ல் நம் இளைஞர்களைப் பயிற்சிக்கு இங்கிலாந்தின் கிரான்வெல்லுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1932 அக்டோபர் 8-ல் இந்திய விமானப்படை பிறந்தபோது அவர்கள்தான் அதன் முதல் அதிகாரிகள். 1971-லிருந்து ஹைதராபாத் அருகே துண்டிகலில் விமானப்படை அகாடமி இருக்கிறது. பணம் வேண்டாம், தகுதிதான் வேண்டும். அதற்கான வாசல்கள் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு என்.டி.ஏ. தேர்வு, பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ்., ஏ.எஃப்.கேட் தேர்வுகள், என்.சி.சி. சிறப்பு நுழைவு. என்.டி.ஏ.வில் 2022 முதல் பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள். இதை ஊரில் பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள், தயவுசெய்து சொல்லுங்கள். கணக்கில் கெட்டிக்காரியாக இருக்கும் எத்தனையோ பெண்கள் இது தெரியாமலே பேங்க் கோச்சிங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதிலும் ஏமாற்று உண்டு. விமானப்படைக்கு அதிகாரி அல்லாத வீரர்களை எடுக்கும் அக்னிவீர் வாயு தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, “உள்ளே போயிட்டா பைலட் ஆயிரலாம்” என்கிறார்கள். இல்லை. அது வேறு பணி, வேறு வழி. விமானப்படையில் பறப்பவர்கள் அதிகாரிகள், அவர்களுக்கான வாசல்களை மேலே சொல்லியிருக்கிறேன். இன்னொன்றை எந்தக் கோச்சிங் சென்டரும் அழுத்திச் சொல்வதில்லை. பறக்கும் பிரிவுக்கான கணினி வழித் திறன் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தவறினால் அந்தப் பிரிவின் கதவு நிரந்தரமாக மூடிவிடும். “சும்மா அனுபவத்துக்கு ஒருமுறை எழுதிப் பாரு” என்று பையனை அனுப்பாதீர்கள். தயாராகாமல் போனால் எழுதாமல் இருப்பதே மேல். உடல் அளவும் முக்கியம். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர், தொடை நீளம் 64 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. பறக்கும் இருக்கைக்குள் கால் அடங்க வேண்டும், அவசரத்தில் வெளியே தூக்கியெறியப்படும்போது முட்டி அடிபடக் கூடாது.

இப்போது என் கோபத்தின் முதல் காரணத்துக்கு வருகிறேன்: மருத்துவப் பரிசோதனை. பணம் கட்டிய பிறகு மெடிக்கல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். வேலந்தாவளத்துப் பையனுக்கு நான் நிறப் பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தைத் திறந்து காட்டினேன். புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் எண்கள் அவனுக்குத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்குப் பிரிவதில்லை. பிறவியிலேயே வருவது, ஆண்களிடம்தான் அதிகம், சாதாரண வாழ்க்கையில் தெரியவே தெரியாது. இருபது வயது வரை அவனுக்கும் தெரியவில்லை. ஓடுபாதை ஓரத்து விளக்குகள் சிவப்பா வெள்ளையா என்று பார்த்துத்தான் நாங்கள் இறங்கும் சரிவை அறிகிறோம். எதிரே வரும் விமானத்தின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதை வைத்துத்தான் இரவில் அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியும். முறைப்படி அடுத்த கட்டச் சோதனைக்கு அவனை அனுப்பியிருக்கிறேன். முடிவு அவர்கள் கையில். ஆனால் கண் டாக்டரிடம் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியது, தோப்பு போன பிறகு தெரிந்திருக்கிறது.

கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம். சிவில் விமானிக்குக் கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். விமானப்படையின் விதிகள்தான் கண்டிப்பானவை. கண்ணாடிக்குப் பயந்து ஆசையை விட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், அதுவும் வருத்தம்தான்.

ஆகவே வரிசை இதுதான், மாற்றாதீர்கள். முதலில் கண் டாக்டரிடம் நிறச் சோதனை. அடுத்து டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்றிதழ், அதில் தேறினால் கிளாஸ் 1. இது கையில் வராமல் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பிறகு, நீங்கள் பார்க்கும் பள்ளியின் பெயர் டிஜிசிஏ இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’ என்பது அங்கீகாரம் ஆகாது. தேர்வுத் தாள்களைப் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதி முடித்தால் நல்லது. ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு படிக்கும் மாதங்களுக்கும் பணம் ஓடும். வெளிநாட்டில் படித்தால் இந்தத் தாள்கள் கிடையாது என்று சொல்வது பொய். அங்கே வாங்கிய உரிமத்தை இங்கே மாற்றும்போது எழுதத்தான் வேண்டும்.

பள்ளிக்கு நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் ஹேங்கருக்குப் போய், பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது என்று எண்ணுங்கள். சக்கரத்தில் காற்றில்லாமல் தூசு படிந்து நிற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, அங்கே படிக்கும் பிள்ளைகளைத் தனியே டீக்கடைக்குக் கூட்டிப்போய், போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய் தம்பி என்று கேளுங்கள். ஆபீஸில் சொன்ன கணக்கும் பிள்ளை சொல்லும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். பறந்த மணி நேரத்துக்குத் தக்கபடி தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்ளும் இடத்தைத் தேடுங்கள், பணம் திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்குங்கள். ரசீது பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும், இடையில் நிற்கும் ஏஜென்ட் பெயரில் அல்ல.